அரைப்படி நெல்லும் ஒரு பழைய நாட்குறிப்பும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடியின் துணையில்லாமல் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மனத்திலிருந்த பாரம் குறைந்தது. இங்கே நான் நலம். பாடம் நடத்தும் வேலை முடிந்த பிறகு பொழுது எப்படிப் போகும் என்று பயந்ததற்கு மாறாக, படிப்பதற்கு முன்பைவிட அதிக நேரம் வாய்த்திருக்கிறது. படிப்பதைப் பேசுவதற்குத்தான் நீ பக்கத்தில் இல்லை.

மைதிலி சிவராமன் தன் பாட்டியைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்து ஏமாற்றம் அடைந்ததாக எழுதியிருந்தாய். வெண்மணியைப் பற்றி எழுதிய கை, வசதியுள்ள ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண்ணின் மனவருத்தத்தை எழுதப் போய்விட்டதே என்ற உன் குறையை மூன்று நாட்கள் மனத்தில் வைத்துப் பார்த்தேன். உன்னோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வெண்மணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று இரவு, கீழத் தஞ்சையின் அந்தச் சிற்றூரில், அடியாட்களுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 தலித் மக்கள் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் ஊர் அங்கிருந்து வெகுதூரம் இல்லை என்பதும், எங்கள் வீடு நிலம் வைத்திருந்த வீடு என்பதும் உனக்குத் தெரியும். அடுத்த சில நாட்கள் வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டதும், பண்ணையாட்கள் யாரும் கொல்லைப்புறத்துக்கு வராததும், அம்மா என்னைத் தெருவில் விளையாட விடாததும் நினைவிருக்கின்றன. என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. திருச்சியில் நாம் இருவரும் ஒரே விடுதி அறையில் இருந்த காலத்தில், நூலகத்தில் கண்ட ஓர் ஆங்கிலக் கட்டுரை வழியாகத்தான், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததை நான் தெரிந்துகொண்டேன். அதை எழுதியவர் மைதிலி சிவராமன்.

அவர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1939இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் அரசியல் படித்து, அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியத் தூதுக்குழு அலுவலகத்தில் ஆய்வுப் பணியில் இருந்தவர் அவர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் வியட்நாம் போருக்கு எதிரான எழுச்சியும் அந்த நாட்டின் தெருக்களை நிறைத்திருந்த ஆண்டுகள் அவை. அவருடைய அரசியல் உருவானது அங்கேதான். 1968இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். திரும்பிய ஆண்டிலேயே வெண்மணி எரிந்தது. அதன் பிறகு சில வாரங்களுக்குள், இருபத்தொன்பது வயதில், அந்தச் சேரிக்குப் போய் உட்கார்ந்து, எஞ்சியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கூலித் தகராறு என்று செய்தித்தாள்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டதை அவர் பிரித்துக் காட்டினார். தொழிலாளர்கள் கேட்டது அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக. மிராசுதார்களின் களஞ்சியத்தில் அந்த அரைப்படி ஒரு மூலைக்குக் காணாது. அவர்களால் பொறுக்க முடியாமல் போனது சேரியின் முகப்பில் பறந்த செங்கொடியைத்தான். அதை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கொடியை ஏற்று என்பதே அவர்களுடைய நிபந்தனையாக இருந்தது. நேற்றுவரை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகட்டி நின்றவன், இன்று நிமிர்ந்து நின்று கூலி பேசுகிறான் என்பது சாதியின் கோபம். அவன் சங்கமாகச் சேர்ந்துவிட்டான் என்பது வர்க்கத்தின் கோபம். இரண்டும் ஒரே தீயாக எரிந்தன என்பதை அவர் 1960களின் முடிவிலேயே கண்டு எழுதினார். சாதியைப் பேசினால் வர்க்க ஒற்றுமை குலையும் என்று இடதுசாரிகளில் பலர் தயங்கிய காலம் அது.

பிறகு தீர்ப்புகள் வந்தன. 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் மிராசுதார்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெருநிலக்காரர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர், ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு பம்பாயிலிருந்து வெளிவரும் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் மைதிலி எழுதிய கட்டுரையின் தலைப்பில், கொலைகாரர்களைக் ‘கனவான்கள்’ என்றே குறிப்பிட்டார். நான் விடுதியில் படித்தது அந்தக் கட்டுரையைத்தான். அன்று இரவு உன்னிடம் எதுவும் சொல்லாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன், நினைவிருக்கிறதா? கட்டுரையில் வரும் கனவான்களைப் போன்றவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துப் போயிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை.

அவர் கட்டுரை எழுதிவிட்டு ஆய்வாளராகவே இருந்துவிடவில்லை என்பதை நீயும் ஒப்புக்கொள்வாய். என். ராம், ப. சிதம்பரம் ஆகியோரோடு சேர்ந்து ‘ராடிகல் ரிவ்யூ’ என்ற இதழைச் சென்னையிலிருந்து நடத்தினார். மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்து, தொழிற்சங்கத் தலைவர் வி.பி. சிந்தனுடன் சிஐடியு தொழிற்சங்கத்தில் ஆலை வாயில்களில் நின்றார். 1970களில் தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரானார். அங்கே அவருக்கு வாய்த்த தோழிகளைப் பார்: நாடக மேடையில் பாடி நடித்துவிட்டு அரசியலுக்கு வந்த மதுரை கே.பி. ஜானகி அம்மாள், பொன்மலை ரயில்வே தொழிலாளர்களிடையே வளர்ந்து, சிறுவயதிலேயே போராட்டத்துக்குள் வந்துவிட்ட பாப்பா உமாநாத். அமெரிக்கப் பட்டத்தோடு வந்தவர் இவர்களிடம் அமைப்பு வேலையைக் கற்றுக்கொண்டார் என்பதே என் எண்ணம். 1981இல் சென்னையில் கூடிய மாநாட்டில் அது அகில இந்திய அமைப்பாகப் பிறந்தபோது, ‘ஜனநாயகம், சமத்துவம், பெண் விடுதலை’ என்ற மூன்று சொற்களை முழக்கமாக ஏற்றது. மூன்றில் ஒன்று கிடைத்த பிறகு மற்றவை தாமே வரும் என்று அந்த முழக்கம் சொல்லவில்லை. மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டது. அவருடைய மார்க்சியப் பெண்ணியத்துக்கு நான் தரக்கூடிய சுருக்கமான விளக்கம் இதுதான்.

வாச்சாத்தியை நீ உன் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. எனக்கு அது முக்கியம். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். சாதாரணமாக இப்படிப்பட்ட செய்தி மலையைவிட்டுக் கீழே இறங்காது. மலைவாழ் மக்கள் சங்கத்தவரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் அதை வெளியே கொண்டுவந்தபோது, தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்திடம் முறையிட்டவர்களில் மைதிலி முன்னின்றார். ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் விசாரித்துத் தந்த அறிக்கை வழக்குக்கு முதுகெலும்பாயிற்று. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வெண்மணிக்கு மறுக்கப்பட்டதை வாச்சாத்திப் பெண்கள் முப்பது ஆண்டுகள் விடாமல் நின்று பெற்றுக்கொண்டார்கள். அடையாள அணிவகுப்பில், தங்களைச் சிதைத்தவர்களின் முகத்துக்கு நேராக விரல் நீட்டியவர்கள் அந்தப் பெண்கள். அவர்களுடைய வாய்ச்சொல்தான் அங்கே சான்று. ஏழைப் பெண்ணின் வாய்ச்சொல்லைச் சான்றாக மதித்து, தேதியோடும் பெயரோடும் எழுதிவைப்பது என்ற வேலையை மைதிலி வெண்மணிச் சேரியில் தொடங்கி, கடைசிவரை செய்துகொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பாட்டிக்கு வருகிறேன். ‘ஃப்ராக்மென்ட்ஸ் ஆஃப் எ லைஃப்’ 2006இல் வந்தது. சுப்புலட்சுமி 1897இல் பிறந்தவர். பதினொரு வயதில் திருமணம், பதினான்கு வயதில் முதல் பிரசவம். கணவருக்கு உப்புத் துறையில் வேலை என்பதால் ஆள் அரவமற்ற உப்பளங்களின் ஓரத்தில் வாழ்ந்தார். கிடைத்ததையெல்லாம் படித்தார், நாட்குறிப்பு எழுதினார், மகள் பங்கஜத்தைப் படிக்க வைப்பதற்காகச் சென்னையில் திருவல்லிக்கேணிக்கு வந்து சேர்ந்தார், தேசிய இயக்கத்தால் ஈர்க்கப்பட்டார். மகளைச் சாந்திநிகேதனுக்கு அனுப்ப நினைத்தது நடக்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல மௌனத்துக்குள் போனார். அவர் மறைந்த பிறகு பேத்தியின் கையில் எஞ்சியவை ஒரு சிறு பெட்டியில் இருந்த சில தாள்களும் நாட்குறிப்பும்தான்.

அந்தத் தாள்களை மைதிலி எப்படிப் படித்தார் என்பதைக் கவனி. பாட்டியைத் தியாகியாக்கவில்லை, துர்ப்பாக்கியவதி என்று கண்ணீரும் வடிக்கவில்லை. எந்தப் புத்தகத்தைப் படித்தார், எந்த ஆண்டு எங்கே குடியிருந்தார், எந்த இடத்தில் எழுத்து நின்றுபோகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி, கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்றே விட்டுவைத்தார். எரிந்த குடிசையின் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவரின் பழக்கம் இது. கூலிவேலை செய்யும் பெண்ணின் துயரத்தையும் சுப்புலட்சுமியின் துயரத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்ற உன் வாதம் நியாயமானது, மைதிலியும் வைக்கவில்லை. ஆனால் பண்ணையை நிலைநிறுத்திய அதே குடும்ப அமைப்பு தன் சொந்த வீட்டுப் பெண்ணையும் ஊமையாக்கியே நிற்கிறது என்பதை, உள்ளே இருந்து ஒருவர் எழுதிக் காட்டாமல் எப்படி அறிவோம்? சொத்தும் சாதியும் பெண்ணின் கருப்பை வழியாகத்தான் தலைமுறை கடக்கின்றன. பதினொரு வயதுச் சிறுமிக்குத் தாலி கட்டியது அதற்காகத்தான். இதை நாம் எங்கெல்ஸிடம் படித்து வகுப்பறையில் ஒப்பித்தோம்; மைதிலி தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

என் அம்மா மாதக் காலண்டர் தாளின் பின்புறத்தில் பால் கணக்கும் நெல் அவித்த கணக்கும் எழுதுவார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு, பரணில் கிடந்தவற்றை இறக்கித் தூசி தட்டினேன். கரையானுக்குத் தப்பியவை பன்னிரண்டு தாள்கள். ஒரு தாளில் கணக்குக்குக் கீழே, எங்கள் பண்ணையில் வேலை செய்த ஒரு பெண்ணின் பெயரும், அவளுக்கு இரண்டு மரக்கால் நெல் ‘யாருக்கும் தெரியாமல்’ கொடுத்ததாக ஒரு வரியும் இருந்தன. அம்மா என்ன நினைத்து அதை எழுதினார் என்று தெரியவில்லை. தனக்கென்று ஒரு காசு இல்லாத ஒரு பெண், தன் வீட்டு நெல்லையே திருடி இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். அதனால் எங்கள் வீடு நல்ல வீடாகிவிடாது. அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய கூலி இரண்டு மரக்காலைவிட எவ்வளவோ அதிகம். ஆனாலும் அந்த வரியை எப்படிப் படிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது நீ குறை சொன்ன அந்தப் புத்தகம்தான்.

மைதிலியின் கடைசி ஆண்டுகளை அல்சைமர் நோய் எடுத்துக்கொண்டது. அவருடைய பழைய கட்டுரைகளை அவர் மகள் கல்பனா கருணாகரனும் வ. கீதாவும் தொகுத்து 2013இல் ‘ஹான்டட் பை ஃபயர்’ என்று கொண்டுவந்தார்கள். நோய் முற்றிய நாட்களில் அவரால் அவற்றைத் தாமே புரட்டிப் பார்த்திருக்க முடியாது என்ற எண்ணம் என்னை வருத்துகிறது. 2021 மே 30 அன்று, பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், கொரோனாவால் இறந்தார். ஊரடங்கு நாட்கள். அஞ்சலிக் கூட்டத்துக்குப் போக வழியில்லாமல், விடுதியில் படித்த அந்தக் கட்டுரையின் நகலை எடுத்து மீண்டும் படித்தேன்.

இந்தக் கடிதத்தோடு அந்தத் தொகுப்பை அஞ்சலில் அனுப்புகிறேன். வெண்மணிக் கட்டுரைகளில் நான் பென்சிலால் குறித்திருக்கும் இடங்களைப் பார். அதன் பிறகு பாட்டியின் புத்தகத்தை இன்னொரு முறை எடு. அப்போதும் உன் கருத்து மாறவில்லை என்றால் எழுது, நானும் விடப்போவதில்லை.

டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவிடத்துக்குப் போவதாக இருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் பிறந்தும் இதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை. உன் மூட்டு இடங்கொடுத்தால் முதல் நாள் மாலையே எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. அந்தப் பன்னிரண்டு தாள்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவின் கையெழுத்தில் இரண்டு வரிகள் எனக்கு விளங்கவில்லை, உன் கண்ணுக்குத் தெரியலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி