இசை கேட்போர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பொங்கல் விழா நடந்தது. மிட்சம்மர் என்கிற ஸ்வீடிஷ் கோடைத் திருநாள் ஒன்றுகூடல் மழையில் நடந்தது. பிள்ளைகளின் வயலின், மிருதங்க மாலை நன்றாக அமைந்தது. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது.

இனி ஸ்வீடிஷ் ஜாஸ் கலைஞர் லார்ஸ் குல்லீன் பற்றிய தொடர். "நாம் வாழும் ஊரின் இசையையும் கேட்போம்" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ஒருவர்கூட மறுக்கவில்லை. செயலாளர் தன் சொந்த ஆசைக்கு வட்டத்தின் மாலைகளைச் செலவழிக்கிறார் என்று பேசிக்கொள்கிறவர்கள் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஏன் குல்லீன் என்று கேட்டார்கள். 1928இல் ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் சாண்டா என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதில் அக்கார்டியன், பிறகு ராணுவ பேண்டில் கிளாரினெட். 1947இல் ஸ்டாக்ஹோமுக்கு வந்தது பியானோ படிப்பதற்காக. 1949இல் சேமூர் ஓஸ்டர்வால் இசைக்குழுவில் பாரிடோன் சாக்ஸபோனுக்கு ஆள் தேவைப்பட, அதைக் கையில் எடுத்தார். பாரிடோன் என்றால் பொதுவாகப் பின்வரிசையில் உட்கார்ந்து அடித்தளம் போடும் வாத்தியம். அதை இவர் முன்னால் கொண்டுவந்து, மெல்லிய, காற்றோட்டமான குரலில் பாட வைத்தார். 1951 முதல் ஆர்னே டொம்னேருஸின் குழுவில் வாசித்தார். 1954இல் அமெரிக்காவின் டவுன் பீட் என்ற ஜாஸ் பத்திரிகை நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் பாரிடோனுக்கான புதிய நட்சத்திரமாகத் தேர்வானார். அமெரிக்காவில் குடியேறாத ஒரு ஐரோப்பியருக்கு அப்போது அது சாதாரண விஷயமில்லை.

முதல் மாலையில் 1953 செப்டம்பரில் நம் ஸ்டாக்ஹோமில் பதிவான இசையைக் கேட்டோம். அமெரிக்க ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் குழுவோடு ட்ரம்பெட் வாசிக்கும் கிளிஃபர்ட் பிரவுனும் ஆர்ட் ஃபார்மரும் வந்திருந்தார்கள். வெளியே போய்ப் பதிவு செய்யக்கூடாது என்பது ஹாம்ப்டனின் கட்டளை. இருவரும் அவருக்குத் தெரியாமல் கிளம்பிவந்து டொம்னேருஸ், குல்லீன், பியானோ கலைஞர் பெங்த் ஹால்பெர்க் ஆகியோருடன் வாசித்தார்கள். குழுவுக்கேற்ப இசையை அமைத்து எழுதிக்கொடுத்தவர் குவின்சி ஜோன்ஸ். தடையை மீறியாவது இசைக்கு வந்தவர்கள் அவர்கள். நம் உறுப்பினர்களுக்குத் தடை ஒன்றும் இல்லை, அழைப்பு மட்டும்தான். ஆனாலும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

இரண்டாம் மாலை அவருடைய இசையமைப்புகளுக்கு. 'டேனிஸ் ட்ரீம்' போட்டேன். மகன் டேனியின் பெயரில் எழுதியது. வேகம் குறைவு, சோகம் என்று சொல்லிவிட முடியாத ஒரு ஏக்கம் அதில் உண்டு. ஸ்வீடிஷ் நாட்டுப்பாடலின் சாயல் இதில் கேட்கிறது என்பார்கள், எனக்கும் அப்படித்தான். 'தூக்கம் வருகிறது' என்று ஒருவர் சொன்னார். வந்தாரே, அதுவே பெரிது. 1964இல் தந்தி வாத்தியங்களோடு பதிவுசெய்த 'போர்ட்ரெய்ட் ஆஃப் மை பால்ஸ்' அன்றைக்கு நேரம் போதாமல் பாதியில் நின்றது. மண்டபச் சாவியைக் குறித்த நேரத்தில் திருப்பித் தர வேண்டியிருந்தது.

போதைப் பழக்கம் பற்றிப் பேசியது சிலருக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகள் இருந்தார்களே என்றார்கள். அந்தப் பழக்கம் அவருடைய பல வருடங்களைத் தின்றது என்பதை மறைத்துவிட்டு எப்படி அவர் கதையைச் சொல்வது? 1976 மே 17 அன்று வீசெஃப்யார்டாவில் இறந்தபோது வயது 48. மகன் பீட்டரும் பிற்காலத்தில் பாரிடோன் வாசித்தார். பிள்ளைகளுக்கு இசை, போதை இரண்டின் கதையும் தெரியட்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாவதாக, ரெகெரிங்ஸ்காதான் தெருவில் இருக்கும் நாலேனுக்கு நடைப்பயணம். டொம்னேருஸ் குழு வாசித்த நடன மாளிகை அது. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. குளிர் என்றார்கள். ஸ்டாக்ஹோமில் நவம்பரில் குளிரும் என்பது யாருக்கும் புதிய செய்தி இல்லையே.

வரவு செலவைப் பொருளாளர் விவரமாகச் சொல்வார். சுருக்கமாக: வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடி, கையிருப்பு சமாளிக்கும் அளவில். மண்டப வாடகை ஏறிவிட்டது. சந்தா ஏறவில்லை, வரவும் இல்லை. "ஸ்விஷ் பண்ணிவிடுகிறேன் அண்ணா" என்று, கைபேசியில் பணம் அனுப்புவதாகச் சொன்னவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. இங்கே வாசிக்கப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி கொண்டுவந்த தம்பிக்கும், தேநீர் போட்ட சகோதரிகளுக்கும், கணக்குத் தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த வருடம் கோடையில் கோட்லாந்து போகலாம் என்று செயற்குழுவில் பேசியிருக்கிறோம். நைநேஸ்ஹாம்ன் துறைமுகத்திலிருந்து கப்பலில் தீவின் விஸ்பி நகரம், அங்கிருந்து சாண்டா. கோடையில் டிக்கெட் முன்கூட்டியே எடுக்காவிட்டால் இடம் கிடைக்காது, அதற்கு முன்பணம் வேண்டும். வட்டத்தின் கணக்கிலிருந்து கொடுக்க முடியுமா என்பது பொருளாளர் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு வருட பாக்கி உள்ளவர்கள் முதலில் அதைத் தீர்த்தால் நல்லது.

அப்புறம், செயலாளர் பொறுப்புக்கு இன்று தேர்தல். வேறு யாராவது முன்வந்தால் குறிப்பேடு, சாவி, இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் சந்தோஷமாக ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால், பாதியில் நின்ற 1964 பதிவிலிருந்து தொடரலாம். பொருளாளர் தேநீர் மேசை அருகே இருப்பார்.

செயலாளர்