மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. அக்கா பிள்ளை சுவரைப் பிடித்து நடக்கிறான். தோக்கியோவில் மழைக்காலம் தொடங்கிவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன். மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. இரவில் ஒழுங்காகச் சாப்பிடு.

நீ போன் செய்து மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும். அக்கா உன் அலுவலகத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நீ ஆடிய ஏவோ ஜப்பான் வீடியோ சண்டை ஆட்டப் போட்டியின் முடிவுகளை நாங்களும் பார்த்தோம். ஒரு தடவை தோற்றால் கீழ்வரிசைக்குப் போய் அங்கிருந்து ஏறி வரலாம், இரண்டாவது தடவை தோற்றால்தான் வெளியே என்று அக்கா விளக்கினாள். உன் பெயரில் வெற்றி இல்லை, இரண்டு தோல்வி. அம்மா "பிள்ளை சாப்பிட்டானோ என்னவோ" என்று மட்டும் கேட்டாள்.

போன புதிதில், காசு போட்டு வீடியோ ஆட்டம் ஆடும் அங்குள்ள ஆர்கேடைப் பற்றி நீ சொன்னாயே. இயந்திரங்கள் முதுகோடு முதுகாக நிற்கும், எதிரே ஆடுபவர் முகம் தெரியாது, தோற்றவர் எழுந்து இடம் விடவேண்டும், மறுபடி ஆட இன்னொரு 100 யென் போடவேண்டும் என்று. நம் புளோக் கீழே நாங்கள் கேரம் ஆடியபோதும் தோற்றவன் எழுந்தே ஆகவேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரே உன்னிடம் வந்து எந்த இடத்தில் தப்பு செய்தாய் என்று காட்டிக்கொடுத்ததையும் சொன்னாய். அன்று உன் குரலில் எவ்வளவு சந்தோஷம்! அப்படிப்பட்டவர்கள் நடுவில் தோற்றதற்கு யாரிடமும் முகத்தை மறைக்க வேண்டியதில்லை, தம்பி.

ஜப்பான் ஆட்டக்காரர் டைகோ உமெஹாராவின் அந்த ஆட்டத்தை எனக்கு எத்தனை தடவை போட்டுக் காட்டியிருப்பாய். 2004, கலிஃபோர்னியாவில் நடந்த ஏவோ. திரையில் அவருடைய உயிர்க்கோடு ஏறக்குறைய காலி. சாதாரணமாகத் தடுத்தாலும் மிச்ச உயிர் போய்விடும். எதிரே ஜஸ்டின் வோங் ஆட்டிய சுன்-லீ என்ற பாத்திரம் உதைத்த 15 உதைகளையும், ஒவ்வொன்றும் வரும் நொடியில் ஆட்டக் குச்சியை முன்பக்கம் தட்டித் தட்டி அவர் சமாளித்தார். பின்னால் நடந்ததை நீ சொல்லவே இல்லை. அன்றைய இறுதியாட்டத்தில் அவர் தோற்று இரண்டாம் இடம்தான் வந்தாராம். அப்புறம் சில வருடம் ஆட்டத்தையே விட்டுவிட்டு, முதியோரைப் பராமரிக்கும் வேலையும் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து 2009, 2010 இரண்டிலும் ஏவோவை வென்றார். இடையில் ஒரு வேலை பார்த்ததால் அவர் கை மழுங்கிப் போகவில்லை. நான் எதையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் சண்டை ஆட்டத்துக்குத் தங்கம் வாங்கிய கொரியர் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. உனக்கு 25. எதையும் அவசரப்பட்டு விட்டுவிடாதே. ஒத்தடம் கொடு.

தேக்கா சந்தையில் மீன்கடைக்காரரிடம், மகன் தோக்கியோவில் பெரிய போட்டியில் ஆடினான் என்று சொன்னேன். ஜெயித்தானா என்று கேட்டார். ஆடினான் என்றேன். ஆனால் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராதது சரியில்லை. எல்லாரும் கேட்டார்கள்.

2013இல் நம்ம ஊர் ஆட்டக்காரர் சியான் லாஸ் வேகஸ் ஏவோவில் ஜப்பானின் தொக்கிடோவை வென்ற திங்கட்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் இருந்தாய். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த நான், நீ போட்ட கூச்சலில் எழுந்துவந்து திட்டினேன். யாரும் எடுக்காத ஜென் என்ற கிழவன் பாத்திரத்தை வைத்துச் சிங்கப்பூர்க்காரர் ஜெயித்துவிட்டார் என்று நீ மூச்சுவாங்கச் சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதற்காகத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத வேறெங்கோ போய்க்கொண்டிருந்தேன்.

நீ தேசிய சேவைக்குப் போய்த் தெக்கோங் தீவில் இருந்த முதல் இரண்டு வாரத்தில், நீ சண்டை ஆட்டம் ஆடும் ஸ்டிக்கைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட்டது நான். ஐந்து வெள்ளி கொடுத்தார். பபிள் டீ கடையில் நின்று சேர்த்த காசில் வாங்கி, சன்வா நிறுவனப் பொத்தான்களை நீயே மாற்றிய ஸ்டிக் அது. ராணுவத்துக்குப் போனவனுக்கு இனி இது எதற்கு என்று நினைத்தேன். நீ வந்து கட்டிலுக்கு அடியில் தேடினாய். வீடு கூட்டும்போது அம்மாதான் தூக்கிப் போட்டிருப்பாள் என்று முடிவுகட்டி, அவளை என்னென்னவோ பேசினாய். நான் முரசுப் பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். போட்டது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். நீ தீவுக்குத் திரும்பும்வரை அவளோடு பேசவில்லை. அவள் உன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அதை என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

என் மேல் கோபப்படு, அது நியாயம். என்னோடு பேச மனமில்லை என்றால் பரவாயில்லை. அம்மாவுக்குப் போன் செய். மாலை ஏழு மணிக்கு மேல் அவள் சும்மாதான் இருப்பாள், போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பாள்.

அப்பா