லாரியை இழுக்கவிடாமல் தடுத்தவர்களுக்கு நன்றி

ஏற்காட்டு மக்களுக்கும், மலையேறி வந்து உதவிய சேலத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

சிமென்ட் ஏற்றி வந்த லாரி சரிவில் பிரேக் பிடிக்காமல் ஓடி, எங்கள் கட்டடத்தின் முனைத் தூணை உடைத்துக்கொண்டு முன்கடைக்குள் புகுந்து மூன்று வாரம் ஆகிறது. உயிர்ச்சேதம் இல்லை. ஓட்டுநருக்குக் கால் எலும்பு முறிந்தது, தேறி வருகிறார். யார் என்ன செய்ததால் ஆள் பிழைத்தார், கட்டடம் நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த நன்றி முழுமையாகும் என்று எங்களில் லாரித் தொழிலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் நினைக்கிறோம்.

முதல் நன்றி, "லாரிய இழுக்காதீங்க" என்று கத்திய சென்ட்ரிங் மேஸ்திரிக்கு. ஓட்டுநரை வெளியே எடுக்கும் பதற்றத்தில், லாரியின் பின்னால் ஜீப்பை நிறுத்திக் கயிறும் கட்டியாகிவிட்டது. தூண் போன இடத்தில் மாடிச் சுவரைச் சுமந்த பீம் கேபின் கூரைமேல் உட்கார்ந்திருந்ததை அவர்தான் பார்த்தார். அந்த நேரத்தில் அந்த வீட்டுக்கு லாரிதான் தூண். ஓரடி பின்னால் நகர்ந்திருந்தாலும் மாடி முழுவதும் ஓட்டுநர் மேல் இறங்கியிருக்கும்.

மூட்டைகளை இறக்கி வண்டியை இலகுவாக்கலாம் என்று ஓடி வந்த லோடுமேன்களையும் அவர் நிறுத்தி வைத்தார். 200 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, ஆக 10 டன். அந்தப் பாரத்தை எடுத்தால் பின்சக்கரங்களுக்கு மேலுள்ள ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து வண்டி எழும்பும், கேபின் அசையும், பீம் நழுவும். முட்டுக் கொடுக்கும்வரை காத்திருந்து, பிறகு இடம் வலம் மாற்றி மாற்றி, கடைசி மூட்டைவரை கைமாற்றி இறக்கிய லோடுமேன்களுக்கும் காபி எஸ்டேட் தொழிலாளர்களுக்கும் எங்கள் வணக்கம்.

முட்டுக்கு 14 ஜாக்கிகள் (திருகி உயரம் கூட்டும் இரும்புக் கால்கள்) வந்தன, நான்கு வேலையிடங்களிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு அங்குலக் கனப் பலகை. வெறும் தரையில் நிறுத்தினால் டைல்ஸ் உடைந்து ஜாக்கி இறங்கிவிடும். கேபினுக்கு இருபுறமும் பீமின் கீழ்தான் முதல் நான்கு நின்றன. ஜாக்கியின் திருகு பீமில் பட்டதும், கால் சுற்றோடு நிறுத்தினார்கள். மேலும் திருகினால் பீம் தூக்கிக்கொண்டு மேல்சுவர் பிளக்கும். ஒரு பையன் சுவர் விரிசல்களின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிக்கொண்டே இருந்தான். விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துத்தான் எல்லோரும் உள்ளே போனார்கள். அந்தக் கோடுகளை இன்னும் அழிக்கவில்லை.

தீயணைப்பு வீரர்கள் வந்ததும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, ஒழுகிய டீசல்மேல் மண் போட்டார்கள். பக்கத்து டீக்கடையின் சிலிண்டரை மூடி வெளியே தூக்கி வைத்தார்கள். மின்வாரிய ஊழியர் அதற்கு முன்பே கம்பத்தில் ஏறிக் கட்டடத்துக்கான மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்.

ஓட்டுநரின் தொடை டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு மணி நேரத்துக்கு மேல் சிக்கியிருந்தது. 108 ஊழியர், தகட்டை வெட்டும் முன்பே கையில் ஊசி போட்டுச் சலைன் ஏற்றத் தொடங்கினார். நசுங்கிய தசையில் சேர்ந்த பொட்டாசியம், அழுத்தம் விலகியதும் ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். வெளியே எடுத்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று அவர் இருந்திருந்தால் நாங்கள் இன்று வேறு மடல் எழுதியிருப்போம். அவருக்கும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை மருத்துவர்கள், செவிலியர்களுக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். கொண்டை ஊசி வளைவுகள் 20-ஐயும் ஆம்புலன்ஸ் தடையின்றி இறங்கும்படி, மற்ற வண்டிகளை மாற்றுப் பாதையான குப்பனூர் வழிக்குத் திருப்பிய காவலர்களுக்கும் நன்றி.

லாரி மெக்கானிக்குக்குத் தனி நன்றி. பிரேக்கை இயக்கும் காற்றழுத்தம், அதாவது ஏர், இறங்கியதால்தான் விபத்து என்று ஊரே பேசியது. அவர் ஏர் டேங்கின் வடிகால் வால்வைத் திறந்தார், காற்று சீறிக்கொண்டு வந்தது. ஏர் போயிருந்தால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பின்சக்கரங்களைப் பூட்டியிருக்கும். பழுது, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மில் இருந்தது. நீலம் பாய்ந்த டிரம், அதை உரசிப் பிடிக்க வேண்டிய லைனரோ கண்ணாடிபோல் வழுவழுத்திருந்தது. மேல் கியரில் இறங்கி, வழியெல்லாம் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் டிரம் சூடேறி விரியும். லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரும் தளர்ந்திருந்தால் லைனர் போய்ச் சேராது, எவ்வளவு மிதித்தாலும் பிடி கிடைக்காது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

ஏர் முழுவதையும் வடித்ததால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, வேலை முடியும்வரை வண்டி அசையவில்லை. மறுநாள் மீட்பு வண்டி வந்ததும் மெக்கானிக் ஸ்பிரிங் பிரேக்கின் சேம்பர்களில் போல்ட் போட்டு பிரேக்கை விடுவித்து, இன்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் கழற்றித் தந்தார். மீட்பு வண்டிக்காரர்கள் சக்கர அச்சான ஆக்ஸிலில் கட்டாமல், லாரியின் அடிச்சட்டமான சேஸிஸில் சங்கிலி போட்டு, வயர் ரோப்மேல் நனைந்த சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். அறுந்தாலும் சாட்டையாய் வீசாது. அங்குலம் அங்குலமாக 40 நிமிடத்தில் லாரி வெளியே வந்தது. பென்சில் கோட்டை எந்த விரிசலும் தாண்டவில்லை.

இரவு முழுக்கக் காபி போட்டுக் கொடுத்த எதிர்வீட்டு அக்காக்களையும், கடைச் சரக்குகளைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் காத்துக் கொடுத்தவர்களையும் மறக்க மாட்டோம்.

புதுத் தூணுக்கு கான்கிரீட் போட்டாகிவிட்டது. அது இறுகும்வரை ஜாக்கிகளை எடுக்க முடியாது, கொடுத்தவர்கள் இன்னும் சில நாள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். பச்சை பெயின்ட் அடித்த இரண்டு ஜாக்கிகளும் நான்கு பலகைகளும் யாருடையவை என்று தெரியவில்லை. உரியவர் வந்து சொன்னால், அன்று தர முடியாமல் போன வாடகையையும் சேர்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
கட்டடத்தில் கடை வைத்திருப்போர், குடியிருப்போர்
ஏற்காடு