கூண்டில் ஏற்ற வேண்டியது விளம்பரத்தை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊடகமும் தொழில்நுட்பமும் நம் தொழில்களை எப்படி மாற்றுகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், பாராட்டுகள். ஆனால் கட்டுரை முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் நின்றது கைபேசியும், யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கிற அல்காரிதம் என்ற கணினி விதியும்தான். விளம்பரம் ஏதோ சாட்சி சொல்ல வந்ததுபோல இரண்டு பத்தியில் தலைகாட்டிவிட்டுப் போய்விட்டது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கருவி மாறினால் வேலை என்னாகும் என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறை எங்களுடையது. ஈய எழுத்துக் கோத்தவர்கள் போனார்கள், ஒளி அச்சுக்கோப்பு வந்தது, அப்புறம் கணினி வந்து அதையும் விழுங்கியது. நியூயார்க் டைம்ஸ் போன்ற பெரிய நாளிதழே 1978 ஜூலையில் லைனோடைப் என்ற ஈய எழுத்து வார்க்கும் இயந்திரங்களுக்கு விடைகொடுத்துவிட்டது. பலருடைய பிழைப்பு போனது, வலிதான். ஆனாலும் எது செய்தி, எதற்கு என்ன தலைப்பு என்பதை அந்த இயந்திரங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. அதைச் சொன்னது பணம் வந்த திசை.

இது இணையத்தோடு பிறந்த கதையும் இல்லை. 1833இல் பெஞ்சமின் டே நியூயார்க்கில் 'தி சன்' நாளிதழைத் தொடங்கினார். மற்ற இதழ்கள் ஆறு சென்ட் விற்றபோது அவர் ஒரே சென்டுக்குக் கொடுத்தார். அந்த ஒரு சென்டை மட்டும் நம்பி அவர் இறங்கவில்லை. கூட்டத்தைச் சேர்த்து, அந்தக் கூட்டத்தை விளம்பரக்காரர்களிடம் காட்டிக் காசு பார்ப்பதுதான் வழி. இரண்டே வருடத்தில், 1835 ஆகஸ்டில், நிலாவில் வௌவால் சிறகு முளைத்த மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று அதே இதழ் தொடர் வெளியிட்டது. ஜான் ஹெர்ஷல் என்ற உண்மையான வானியலாளர் தொலைநோக்கியில் பார்த்ததாகவே எழுதினார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. இன்று வைரல் என்கிறோமே, அது இதுதான். அல்காரிதம் எதுவும் இல்லாமலே நடந்தது.

கூகுளை உருவாக்கிய இருவரும் 1998இல், மாணவர்களாக இருந்தபோது எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பரப் பணத்தில் ஓடும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று எழுதியிருந்தார்கள். 2000இல் அவர்களே விளம்பரச் சேவையைத் தொடங்கினார்கள். நோயை முன்கூட்டியே கண்டுபிடித்தவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்!

சரி, இது தொழில்களுக்குள் எப்படி இறங்குகிறது? யூடியூபையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் பார்வை எண்ணிக்கையை விடப் பார்க்கும் நேரத்துக்கு மதிப்பு என்று விதியை மாற்றினார்கள். வீடியோ பத்து நிமிடத்தைத் தாண்டினால் நடுவில் விளம்பரம் செருகலாம் என்று இருந்தது. உடனே உலகத்து விஷயங்கள் எல்லாம் பத்து நிமிடம் சில நொடிகளுக்கு நீள ஆரம்பித்தன. 2020இல் அந்த வரம்பு எட்டு நிமிடமானது, வீடியோக்களும் அதற்கேற்ப வெட்டித் தைக்கப்பட்டன. கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், மோட்டார் பழுது பார்ப்பவர், யோகா ஆசிரியர் எல்லாருக்கும் இதே கதிதான். ஒரு பாடம் எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்பதை மாணவரின் புரிதலும் தீர்மானிக்கவில்லை, கேமராவும் தீர்மானிக்கவில்லை.

என் சொந்தத் தொழிலில் நடந்தது இன்னும் கொடுமை. மக்கள் வீடியோவைத்தான் விரும்புகிறார்கள் என்று நம்பி 2015க்குப் பிறகு அமெரிக்காவில் பல செய்தி நிறுவனங்கள் எழுதுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோ குழுக்களை அமைத்தன. பேஸ்புக் காட்டிய எண்கள் அப்படி. 2016 செப்டம்பரில்தான், சராசரிப் பார்வை நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டோம் என்று பேஸ்புக் ஒப்புக்கொண்டது. மூன்று நொடிகூடப் பார்க்காமல் கடந்து போனவர்களை விட்டுவிட்டுச் சராசரி எடுத்திருக்கிறார்கள். விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டு 2019இல் நான்கு கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். வேலை இழந்த நிருபர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. அவர்கள் அந்த வழக்கில் தரப்பினரே கிடையாது.

விளம்பரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1977இல் அரிசோனாவைச் சேர்ந்த இரண்டு வழக்கறிஞர்கள் தங்கள் கட்டணத்தை நாளிதழில் விளம்பரம் செய்த வழக்கில், அதைத் தடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் வழக்கறிஞர் வாசலுக்கே போகப் பயப்படுகிற சாதாரண மனிதருக்கு அந்த விளம்பரம் நல்லதுதான். அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் மருத்துவரின் சீட்டோடு மட்டுமே வாங்க வேண்டிய மருந்தைப் பொதுமக்களிடம் நேரடியாக விளம்பரம் செய்ய அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான் அனுமதிக்கின்றன. அங்கே நோயாளி, மருந்தின் பெயரோடு மருத்துவர் எதிரே வந்து உட்காருகிறார். பாதி வைத்தியம் தொலைக்காட்சியிலேயே முடிந்துவிடுகிறது.

இப்போதோ மருத்துவர்களே ரீல்ஸ் போடுகிறார்கள். அக்கறையோடு போடுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. பிரச்சினை என்னவென்றால், எந்தத் தொழிலிலும் நேர்மையான பதில் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். "ஒன்றும் வேண்டாம், ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்" என்பது மருத்துவர் அடிக்கடி சொல்ல வேண்டிய வாக்கியம். "கோர்ட்டுக்குப் போகாதீர்கள், பேசித் தீருங்கள்" என்பது நல்ல வழக்கறிஞர் சொல்வது. "பழையதே போதும், புதிது வாங்காதீர்கள்" என்று மெக்கானிக் சொல்லலாம். இந்த மூன்றுக்கும் ரீச் கிடையாது. மூன்றாவதற்கு ஸ்பான்சரும் கிடைக்க மாட்டார். ஆகவே திரைக்கு வருவது அபூர்வ நோய், பரபரப்பான வழக்கு, புத்தம் புதுக் கருவி. பார்ப்பவரும் அதுதான் அந்தத் தொழில் என்று நினைத்துக்கொள்கிறார். அந்தப் படிப்பில் சேரப் போகிற பிள்ளையும் அப்படியே நினைத்துக்கொள்கிறது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீடியோ போட நேரமில்லாதவரைப் பற்றி, "இவர் பெயரையே எங்கும் காணோமே" என்று சந்தேகப்படுகிறோம்.

இதற்கு வழியே இல்லை என்று கட்டுரையாளர் கைவிரித்ததை ஏற்க முடியவில்லை. பிரான்ஸ் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சமூக ஊடகத்தில் பலர் பின்தொடரும் இன்ஃபுளுயன்சர்கள் அழகு அறுவை சிகிச்சைக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்றது. விளம்பரத்துக்காகத் திருத்திய படம் என்றால் திருத்தியது என்று அதிலேயே எழுத வேண்டும் என்றும் அப்போது விதித்தது. அந்தச் சட்டம் யாருடைய கைபேசியையும் பிடுங்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு பேசுகிற பேச்சை மட்டும் பிடித்தது.

கடைசியாக, உங்களிடமே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரைக்கு நாலு பக்கம் தள்ளி, மற்றக் கட்டுரைகளின் அதே எழுத்துருவில், அதே வடிவமைப்பில், உடல்நலம் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. 'விளம்பரதாரர் பகுதி' என்ற சொற்கள் கீழ்மூலையில் இருந்தன. மூக்குக் கண்ணாடி போட்டும் எனக்கு உடனே தெரியவில்லை. பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல, அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கியவன்தான் நானும். அந்த இரண்டு சொற்களையும் அடுத்த இதழிலிருந்து பக்கத்தின் மேலே, தலைப்பின் அளவிலேயே அச்சிட முடியுமா? முடியாதென்றால் காரணத்தையாவது இதே பகுதியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர் ஒருவர்