ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: யூபிஎஸ்சி தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மத்தியப் பணியாளர் தேர்வாணையம்,
டோல்பூர் ஹவுஸ், ஷாஜஹான் சாலை, புது டெல்லி.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியாத்தம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயர்ப் பலகைக்குத்தான். பிழைப்பு ஓடுவது ஆன்லைன் விண்ணப்பத்தில். சாதிச் சான்று, பட்டா, ரேஷன் கார்டு, டிஎன்பிஎஸ்சி, வருஷத்துக்கு இரண்டு முறை நீங்கள் நடத்தும் என்டிஏ, அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான நுழைவுத் தேர்வு. எங்கள் வேலூர் மாவட்டம் பட்டாளத்துக்குப் பேர் போனது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராகத் திரும்பியவர்களை எனக்கு நிறையத் தெரியும். படை அதிகாரிகளை உருவாக்கும் அந்தக் கடக்வாஸ்லா அகாடமியின் வாசலை மிதித்தவர்தான் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

போன டிசம்பரில் அறிவிக்கை வந்த வாரம் ஒரு பெண் வந்தாள். ஒன்பதாவதோடு பள்ளி நின்றுபோனவள். அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே என்ஐஓஎஸ் என்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி (ஓப்பன் ஸ்கூல்) மூலம் பத்தாவது முடித்து, பன்னிரண்டாவது எழுதக் காத்திருந்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் புகையிலைக் கறை. அறிவிக்கையை நான் திரையில் வைத்துத் தமிழில் சொல்லச் சொல்ல, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு வந்தாள். வயது சரி. திருமணம் ஆகாதவர், சரி. கல்வித் தகுதிக்கு வந்தோம். மாநிலக் கல்வி வாரியமோ பல்கலைக்கழகமோ நடத்தும் பன்னிரண்டாம் வகுப்பு, அல்லது அதற்கு இணையான தேர்வு. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“அக்கா, இதுல நான் எங்க இருக்கேன்?”

என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு பயிற்சி மையத்தில் கேட்டிருக்கிறாள். ஓப்பன் ஸ்கூல் என்றதும், “ரெகுலர் கேண்டிடேட் மட்டும்தான்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களும் இதே வரியைப் படித்துவிட்டுத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு என்ன?

அந்த வரியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் சிபிஎஸ்இ கூட மாநில வாரியம் இல்லை. உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் அமராவதி நகர் சைனிக் பள்ளி 1962-லிருந்து நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளும் சிபிஎஸ்இதான். அவர்களை யாரும் ‘நீ எந்த வாரியம்?’ என்று நிறுத்துவதில்லை. சிபிஎஸ்இ செல்லும் என்று ஊருக்கே தெரியும், அவ்வளவுதான். என்ஐஓஎஸ்ஸும் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989-லிருந்து இருக்கிற அமைப்புதான். ‘இணையான’ என்ற சொல்லுக்குள் அதுவும் அடங்கும் என்று உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தவளுக்கு எப்படித் தெரியும்?

சும்மா பயப்படுவதாகவும் நினைக்க வேண்டாம். 2018 நீட் தேர்வில் திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இடமில்லை என்றார்கள். அது செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தடை போட்ட செய்தி கிராமம் வரை வந்தது, தடை நீங்கிய செய்தி பாதி வழியில் நின்றுவிட்டது.

இந்தச் சந்தேகத்திலேயே எல்லோரும் மாட்டிக்கொள்வதால், உண்மையிலேயே சொல்ல வேண்டியதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண் எடுத்திருந்த பாடங்கள் ஆங்கிலம், கணக்கு, வரலாறு, பொருளாதாரம், டேட்டா என்ட்ரி. தரைப்படைப் பிரிவுக்கு இது போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும், எழிமலை கடற்படை அகாடமிக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். பள்ளிக்கூடத்தில் குரூப் என்று ஒன்று உண்டு; ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் மூன்றும் தானாக வந்துவிடும். என்ஐஓஎஸ்ஸில் பாடங்களைப் பிள்ளைகளே ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். பதினாறு வயதில், ‘எது சுலபம்?’ என்று பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்டு. பிறகு பாடம் சேர்த்துக்கொள்ளவும் அங்கே வழி இருக்கிறது, ஆனால் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால்தானே? “ஏரோபிளேன் ஓட்டணும்னுதான் அக்கா ஆசை” என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

தேதிக் கணக்கு வேறு. ஏப்ரலில் எழுதும் உங்கள் தேர்வு அடுத்த ஜனவரியில் தொடங்கும் பயிற்சிக்கு. என்ஐஓஎஸ் தேர்வை ஏப்ரல், மே மாதங்களில் எழுதினால் கவலையில்லை. அக்டோபர், நவம்பருக்குத் தள்ளிப் போட்டவர்கள் சான்றிதழ் கைக்கு வருமா என்று தவிக்க வேண்டும். (கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருப்பது பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு. அதற்கு வேறு மடல் எழுதுகிறேன்.)

எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண், படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி வாரியத்தின் நேர்காணல் இன்னொரு 900. அங்கே போய் ‘ஏன் ஓப்பன் ஸ்கூல்?’ என்ற கேள்விக்குத் தடுமாறுவாளோ என்று எங்கள் தெரு சுபேதார் தாத்தாவிடம் கேட்டேன். “கேட்கத்தான் செய்வான். பீடி சுத்திக்கிட்டே படிச்சேன்னு தலை நிமிர்ந்து சொல்லட்டும். அதைவிட வேற என்ன வேணும் அவனுக்கு?” என்றார்.

பெண்களை என்டிஏ தேர்வு எழுத விடச் சொல்லி 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட வேண்டியிருந்தது. அதன் பிறகு சேர்ந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். நான் கேட்பதற்கு நீதிமன்றம் வேண்டியதில்லை. கல்வித் தகுதிப் பத்திக்குக் கீழே ஒரு வரி: ‘தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் இதில் அடங்கும்.’ இடம் இருந்தால் இன்னொன்று: எந்தப் படைக்கு எந்தப் பாடம் என்பதைப் பன்னிரண்டாவதில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்துக்கொள்ளவும் என்று. அடுத்த அறிவிக்கை மே மாதம் வரும். அதற்குள் முடியுமா என்று பாருங்கள்.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைத் தரைப்படைப் பிரிவுக்கு அன்றைக்கே அனுப்பிவிட்டேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றதும், கைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த நூறு ரூபாயைப் பிரித்து மேசை மேல் வைத்தாள். “அப்போ இதுக்கு மேத்ஸ் பழைய கொஸ்டின் பேப்பர் எடுத்துக் கொடுங்க அக்கா.” காகிதம் மிச்சம் பிடித்து, இரண்டு பக்கமும் போட்டுக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
விண்ணப்பம் நிரப்பித் தருகிற ஒருத்தி,
குடியாத்தம்.