எட்டுப் பேருக்கு ஒரே லாகின் வேண்டாம்

பிரதான ஒப்பந்த நிறுவனங்களின் திட்ட மேலாளர்களுக்கு,

வணக்கம். பிளம்பிங் வேலை எடுத்துச் செய்யும் ஒரு சப்-கான்ட்ராக்ட் குழுவில் நான் சைட் சூப்பர்வைசர்.

போன திட்டத்தில், டிராயிங்குகளை ஏற்றிவைக்கும் ஆன்லைன் சிஸ்டத்துக்குள் போக எங்கள் 8 பேருக்கும் சேர்த்து ஒரே லாகின் தந்தார்கள். மூன்றாம் தளத்து ஸ்லாபுக்குக் கம்பி கட்டி முடித்தாயிற்று, பைப் போக ஸ்லீவ் வைத்துக்கொண்டிருந்தோம். கையில் இருந்தது டிராயிங்கின் ரிவிஷன் சி. முந்தின நாள் மாலையே அதைத் திருத்திய ரிவிஷன் டி சிஸ்டத்தில் ஏறியிருந்தது. வேறொரு சைட்டில் இருந்த எங்கள் ஆள், அதே லாகினில் நுழைந்தவர், அதைத் தற்செயலாகத் திறந்துவிட்டார். 'படித்தாயிற்று' என்று பதிவாகி, என் போனில் அந்த அறிவிப்பு புதிதாகத் தெரியவே இல்லை. கான்கிரீட் போட்ட பிறகுதான் இரண்டு குளியலறைகள் இடம் மாறியது தெரிந்தது. இறுகிய ஸ்லாபில் கோர் கட்டிங் போட்டுத் துளைத்தோம். "உங்கள் கணக்கில் டிராயிங்கைத் திறந்திருக்கிறீர்களே" என்றார்கள். திறந்தது எங்களில் யார் என்று அந்தப் பதிவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. செலவை எங்கள் பில்லில் பிடித்தார்கள்.

ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். அதில் எந்தத் திட்டம், எந்த வேலை என்பதும் இருக்கட்டும். போர்மேனுக்கு டிராயிங் பார்க்க முடிந்தால் போதும். கட்டுமானத் தகவல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 19650 தரநிலை, தயாராகிக்கொண்டிருக்கும் ஆவணத்தையும் வெளியிட்ட ஆவணத்தையும் தனித்தனி நிலைகளாகவே வைக்கச் சொல்கிறது. ஸ்லீவ் வைப்பவர் கண்ணில் வெளியிட்டது மட்டும் படட்டும்.

ஒருவருக்கு லாகின் கேட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து சேர இரண்டு வாரம் ஆகிறது. அதற்குள் அந்த ஆள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிறார். வேலை நிற்கக்கூடாதே என்றுதான் பாஸ்வேர்டைக் கைமாற்றுகிறோம். எங்கள் ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் எங்களில் ஒருவருக்கே உரிமை கொடுங்கள், நீங்கள் மேற்பார்வை பாருங்கள். இந்த மடலில் நான் முக்கியமாகக் கேட்பது இதைத்தான்.

அப்புறம், முடிவுத் தேதி. அந்தத் திட்டம் முடிந்து 7 மாதம் ஆகியும் எனக்கு அதன் அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒருநாள் திறந்தால், மின்வேலைக் குழுவின் விலைப்பட்டியல் கண் முன்னால் நிற்கிறது. உடனே மூடிவிட்டு, போன் செய்து சொன்னேன். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி அட்டை எண்கள் திருடுபோனபோது, திருடர்கள் நுழைந்தது ஒரு குளிர்சாதன ஒப்பந்தக்காரரின் லாகின் வழியாகத்தான். வேலை முடிந்தால் எங்கள் உரிமையையும் குறையுங்கள். குறை திருத்தும் காலம் வரை எங்கள் வேலையின் டிராயிங்குகளைப் பார்க்க மட்டும் விடுங்கள், அதன்பின் மூடிவிடுங்கள்.

புதிதாக வரும் ஆளுக்கு முதல் நாள் பாதுகாப்பு வகுப்பில் பெயர் எழுதி வாங்கி, ஹெல்மெட் கொடுக்கிறீர்கள். டிராயிங் பார்க்கவேண்டிய ஆள் என்றால், அதே மேசையில் அவர் பெயரில் லாகினையும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பிங் சூப்பர்வைசர்