பில்லு மெயில்ல இருக்கு, மெயில் யார்ட்ட இருக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மண்டபத்துல வலை, கயிறு, படகு எஞ்சின் சாமான் விக்கிற சின்ன கடை வச்சிருக்கேன். போன மீன்பிடி தடைக்காலத்துல ஜிஎஸ்டி நோட்டீஸ் ஒண்ணு வந்துச்சு, 2021-22ல ஐடிசி (சரக்கு வாங்குறப்ப கட்டுன வரியை நாம கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கிறது) எடுத்த பில்லுகளை காட்டுங்கனு. எனக்கு பயமே இல்ல, தூத்துக்குடி நாகர்கோவில் பார்ட்டிங்க பில்லை மெயில்லதான் போடுவாங்க, எல்லாம் மெயில்ல கிடக்குண்ணேனு ஆடிட்டர்ட்ட தெம்பா சொல்லிட்டு வந்துட்டேன்.

கடைக்கு வந்து புது கம்ப்யூட்டர்ல திறந்தா பாஸ்வேர்டு கேக்குது. பழைய கம்ப்யூட்டர்ல எப்பவும் திறந்தே கிடந்ததால யாருக்கும் அது தெரியாது, அந்த கம்ப்யூட்டரோ உப்புக்காத்துல போர்டு பச்சை பூத்து செத்துருச்சு. மெயில் ஐடியை ஆரம்பிச்சு குடுத்தது கடையில கணக்கு எழுதின தம்பி, அவன் போன் நம்பரைத்தான் குடுத்திருக்கான். அவன் இப்ப துபாய்ல, இங்க உள்ள சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணாம விட்டு அந்த நம்பர் வேற யாருக்கோ போயிருச்சு. கூகுள்காரன் அனுப்புற ஓடிபி முகம் தெரியாத ஒருத்தருக்கு போகுது, நான் அவருக்கு போன் போட்டு கெஞ்சினா ஓடிபி கேக்குற திருடன்னு நெனச்சு திட்டிட்டு வச்சுட்டாரு, அவர் செஞ்சதும் சரிதானே.

இதுல இன்னொரு கூத்து, அந்த ஐடியிலதான் தம்பியோட போன் போட்டோவும் ஏறிக்கிட்டு இருந்திருக்கு. ஓசியில கிடைக்கிறது மெயில், டிரைவ், போட்டோ எல்லாத்துக்கும் சேர்த்து 15 ஜிபிதான், அவன் அக்கா கல்யாண வீடியோவே பாதியை தின்னுருச்சு போல, நிறைஞ்சதுக்கு அப்புறம் வந்த பில்லெல்லாம் அனுப்புனவங்களுக்கே திரும்பிப் போயிருக்கு. எங்களுக்கு தெரியவே தெரியாது.

அப்புறம் என்ன, ஒவ்வொரு பார்ட்டியா போன் போட்டு காப்பி வாங்குனேன். ஒருத்தர் கடையையே மூடிட்டாரு, அவர் பில்லுக்கு எடுத்த வரியை 18 சதவீத வட்டியோட கட்டுனேன். ஆடிட்டர் அப்பத்தான் சொல்றாரு, வருஷாந்திர ரிட்டன் கெடுவுல இருந்து 72 மாசம் பில்லு கணக்கெல்லாம் வச்சிருக்கணும்னு சட்டமே இருக்காம். கூகுளோ 2 வருஷமா யாரும் தொடாத கணக்கை அழிச்சிருவோம்னு 2023லயே சொல்லிட்டான். நம்ம சட்டத்துக்கு 6 வருஷம், அவனுக்கு 2 வருஷம், எப்படி ஒத்துப்போகும்?

பக்கத்து நண்டு கம்பெனிக்காரருக்கு வேற மாதிரி. அவர் மெயிலை யாரோ உள்ள பூந்து படிச்சுட்டு, பார்ட்டி பேர்ல ஒரே ஒரு எழுத்து மாத்துன ஐடியில இருந்து, பேங்க் அக்கவுண்ட் மாறிருச்சு இதுல போடுங்கனு பழைய பில் மாதிரியே அச்சு அசலா அனுப்பியிருக்கான். எதுக்கும் ஒரு வார்த்தை கேப்போம்னு போன் போட்டதால தப்பிச்சாரு. பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் அடிக்கணும்ங்கிறதும் அவருக்கு அப்ப தெரியாது.

நான் இப்ப பில்லு வந்த அன்னைக்கே இறக்கி, வருஷம் மாசம் போட்ட போல்டர்ல வச்சிடுறேன். ஹார்டு டிஸ்க் ரெண்டு, ஒண்ணு கடையில, ஒண்ணு பரமக்குடியில மச்சான் வீட்டு பீரோவுல, அங்க உப்புக்காத்து இல்ல. இப்ப உள்ள மெயிலுக்கு என் நம்பரும் வீட்டுக்காரம்மா நம்பரும் குடுத்தாச்சு.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகாது, நாங்களும் கடையில ஈ ஓட்டிக்கிட்டுதான் இருப்போம். அந்த நேரத்துல வணிகவரி ஆபீஸ்காரங்க மண்டபத்துலயும் ராமேஸ்வரத்துலயும் ஒரு நாள் வந்து, பில்லை எப்படி பத்திரப்படுத்துறதுனு கம்ப்யூட்டரை வச்சே காட்டிக் குடுத்தா நல்லாருக்கும், உங்க பேப்பர்ல போட்டா அவங்க கண்ணுல படும்.

இப்படிக்கு,
வலைக்கடைக்காரர், மண்டபம்